சிறையில் தள்ளிவிட்டு வழக்கை மறந்தவர்கள்

கொல்கத்தாவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது சால்ட் லேக். அரசு ஏட்டில் அதன் பெயர் பிதான்நகர். சாரதா குழுமம் அங்கேதான், ஐந்தாம் செக்டாரின் மிட்லண்ட் பார்க் கட்டடத்திலிருந்து, வங்காளத்துக் கிராமங்களின் சேமிப்பைத் திரட்டியது. அதே சால்ட் லேக்கின் சிஜிஓ வளாகத்தில் சிபிஐ அலுவலகம் இருக்கிறது. அமலாக்கத் துறையும் அங்கேயே இருக்கிறது. பிதான்நகர் நீதிமன்றமும் தொலைவில் இல்லை. பணம் திரட்டிய இடம், புலன் விசாரிக்கும் இடம், ரிமாண்ட் செய்த இடம் எல்லாம் ஒரே நகரியத்துக்குள். ஆனால் 2013 ஏப்ரலில் கைதானவர்கள் மீதான மூல மோசடி வழக்கு, பத்தாண்டு கடந்த பிறகும் தீர்ப்பைக் காணவில்லை.

இதைத் தாமதம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. இது கடமை தவறல். தவறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

வழக்கு தொடங்கிய விதம் நாட்டுக்கே தெரியும். குழுமத்தின் தலைவர் சுதீப்தா சென், 2013 ஏப்ரல் 6 தேதியிட்டு சிபிஐக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். செல்வாக்குள்ளவர்களின் பெயர்களை அதில் அடுக்கினார். பிறகு தலைமறைவானார். ஏப்ரல் 23 அன்று காஷ்மீரின் சோன்மார்க்கில் பிடிபட்டார். கூடவே அவருடைய நிறுவனத்தின் பெண் இயக்குநரும் பிடிபட்டார். எந்தத் துப்பறியும் படத்துக்கும் இதைவிட நல்ல கதை கிடைக்காது. பனிமலையில் கைது. தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. மக்கள் கைதட்டினார்கள்.

படம் கைதோடு முடியும். வழக்கு கைதில்தான் தொடங்கும். இந்த வழக்கை நடத்த வேண்டியவர்கள் படத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முதலில் விசாரித்தது பிதான்நகர் போலீஸ். மாநில அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. 2014 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை அவர்களிடமிருந்து எடுத்து சிபிஐயிடம் கொடுத்தது. பணம் எங்கே போனது, யார் யார் துணை நின்றார்கள், கண்காணிக்க வேண்டிய அமைப்புகள் ஏன் கண்ணை மூடிக்கொண்டன என்ற பெரிய சதியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தான் கொடுத்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், நாட்டின் மிக உயர்ந்த புலனாய்வு அமைப்புக்கு இட்ட கட்டளை அது. கட்டளை இன்னும் நிறைவேறவில்லை. ஒரு துணைக் குற்றப்பத்திரிகை, இன்னொரு துணைக் குற்றப்பத்திரிகை, தேர்தல் நெருங்கும்போது ஒரு சம்மன். நீதிமன்றக் கூண்டில் சாட்சி ஏறி, எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்து, நீதிபதி தீர்ப்பு எழுதும் நாள் மட்டும் வரவில்லை.

சிறையில் இருப்பவர் குற்றவாளி என்று நிரூபிக்கப்படாதவரை அவர் குற்றவாளி இல்லை. இது நமது சட்டத்தின் அடித்தளம். விரைவான விசாரணை, உயிருக்கும் சுதந்திரத்துக்குமான அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின் பகுதி என்று பிகாரின் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் 1979-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று அந்த வழக்கில் இருந்தவர்கள், குற்றத்துக்குரிய தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்த ஏழைகள். அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. 2022-ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். 5,73,220 கைதிகளில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு. அவர்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்தாண்டைத் தாண்டியவர்கள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக் குற்றத்துக்கான 420-ஆம் பிரிவில் உச்சபட்ச தண்டனை 7 ஆண்டு. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் இந்த வகைக் குற்றத்துக்கு உச்சம் 7 ஆண்டு. 2013-இல் கைதானவருக்கு 2020-இல் ஏழாண்டு நிறைந்தது. தண்டனை முழுவதையும் சிறையில் கழித்த பிறகும் விசாரணை நடந்துகொண்டே இருக்கும் என்றால் அந்த விசாரணையின் பயன் என்ன? இத்தகைய வழக்குகளில் ஆயுள் தண்டனைக்கு இடம் தரும் 409-ஆம் பிரிவையும் போலீஸ் சேர்த்துவிடுகிறது. பிறகு அந்தப் பிரிவைக் காட்டியே ஜாமீனை எதிர்க்கிறது. அந்தப் பிரிவை நிரூபிக்கும் வேலையை மட்டும் செய்வதில்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சாரதா மீது வங்காளத்தில் மட்டும் வழக்கு இல்லை. அசாமில் இருக்கிறது. ஒடிசாவில் இருக்கிறது. ஒரே மோசடிக்கு ஊருக்கு ஊர், காவல் நிலையத்துக்குக் காவல் நிலையம் வழக்குகள். 2021 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தப் பெண் இயக்குநருக்கு சிபிஐ வழக்குகளில் ஜாமீன் வழங்கியது. அவர் வெளியே வரவில்லை. வேறு மாநில வழக்குகள் அவரைப் பிடித்துவைத்தன. ஒரு கதவு திறந்தால் இன்னொரு கதவு மூடும். எல்லாக் கதவுகளும் ஒரே நாளில் திறக்கப் போவதில்லை.

இந்தப் பொறியைத் தகர்க்க வேண்டிய நாடாளுமன்றம், அதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவைப் பாருங்கள். முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது முதல் உட்பிரிவு. ஒன்றிய அரசு இதைப் பெருமையாகச் சொன்னது. அடுத்த உட்பிரிவு அந்தப் பெருமையைப் பறித்துவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் இருந்தால் அவரை ஜாமீனில் விடக்கூடாது என்கிறது அது. வழக்குகளின் எண்ணிக்கையை முடிவுசெய்வது யார்? போலீஸ். ஒரு வழக்குப் போட்டால் ஜாமீன். இரண்டு போட்டால் சிறை. ஒரு மனிதரின் சுதந்திரத்தை நீதிபதியின் கையிலிருந்து எடுத்துக் காவல் நிலைய எழுத்தரின் பேனாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சட்டத்தை வரைந்தவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

நடத்தப்பட்ட விதத்தையும் மறக்கக்கூடாது. குணால் கோஷ் அப்போது திரிணமூல் காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினர். சாரதாவின் ஊடகப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். 2013 நவம்பரில் பிதான்நகர் போலீஸ் அவரைக் கைது செய்தது. நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும்போதெல்லாம் அவர் செய்தியாளர்களிடம் பேச முயன்றார். அவர் வாய் திறந்ததும் சுற்றி நின்ற போலீஸார் கைதி வண்டியின் தகரத்தைத் தட்டினார்கள். கூச்சல் போட்டார்கள். அவருடைய குரல் எவர் காதிலும் விழாதபடி சத்தம் எழுப்பினார்கள். சீருடை போட்டவர்கள், பட்டப்பகலில், கேமராக்களுக்கு முன்னால் செய்தார்கள். பல நாள் செய்தார்கள். எந்த மேலதிகாரியும் தடுக்கவில்லை.

2014 நவம்பரில் அவர் நீதிமன்றத்திலேயே எச்சரித்தார். தான் குறிப்பிட்டவர்கள் மீது மூன்று நாளில் நடவடிக்கை இல்லாவிட்டால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்றார். நீதிபதி கேட்டார். போலீஸ் கேட்டது. சிறைத் துறைக்குத் தெரியும். சொன்னபடியே பிரசிடென்சி சிறைக்குள் தூக்க மாத்திரைகளை விழுங்கினார். உயிர் பிழைத்தது. நேரம் குறித்துச் சொல்லப்பட்ட தற்கொலை முயற்சியைத் தடுக்க முடியாத சிறை, அரசின் காவலில் இருப்பவருக்கு என்ன பாதுகாப்பு தரும்? கண்காணிப்பாளரையும் சிறை மருத்துவரையும் பணியிடைநீக்கம் செய்து அரசு கணக்கை முடித்துக்கொண்டது. கோஷ் பின்னர் அதே கட்சியில் பொறுப்புக்கு வந்தது வேறு விஷயம். அன்று அவருக்கு மறுக்கப்பட்டது கட்சிக்காரரின் உரிமை இல்லை, ஒரு கைதியின் உரிமை.

இவை நடந்த மாநிலம் எது என்று எண்ணிப் பாருங்கள். 1986 ஆகஸ்டில் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே.பாசு, காவல் மரணங்களைப் பற்றி இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்கானது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங்கும் ஏ.எஸ்.ஆனந்தும் தீர்ப்பளித்தார்கள். கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். இந்தியாவின் ஒவ்வொரு காவல் நிலையத்தையும் கட்டுப்படுத்தும் விதிகள் வங்காளத்திலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில் பிறந்தன. அந்த வங்காளத்தின் போலீஸ்தான் கைதியின் வாயைத் தகரச் சத்தத்தால் அடைத்தது.

சாரதா வழக்கில் உரிமை கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். அமைச்சர் மதன் மித்ரா 2014 டிசம்பரில் கைதானார். காவலில் இருந்த காலத்தின் பெரும்பகுதியை எஸ்எஸ்கேஎம் மருத்துவமனையில் கழித்தார். முதல் விசாரணைக் காலத்தில் பிதான்நகர் போலீஸ் ஆணையராக இருந்த ராஜீவ் குமார் ஆதாரங்களை மறைத்தார் என்று சிபிஐ குற்றம் சாட்டியது. 2019 பிப்ரவரி 3 அன்று அவருடைய வீட்டுக்குப் போன சிபிஐ அதிகாரிகளைக் கொல்கத்தா போலீஸ் பிடித்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனது. முதலமைச்சர் மம்தா பானர்ஜி அன்றிரவே கொல்கத்தாவின் மெட்ரோ சேனல் பகுதியில் தர்ணாவில் அமர்ந்தார். உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஷில்லாங்கில் விசாரியுங்கள், கைது செய்யாதீர்கள் என்றது. அக்டோபரில் உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் வழங்கியது. காவலில் வைத்து விசாரிக்கத் தேவை இல்லை என்றது. 2023 டிசம்பரில் அவர் மாநிலத்தின் டிஜிபி ஆனார்.

அவருக்கு முன்ஜாமீன் கிடைத்ததில் நமக்கு வருத்தம் இல்லை. அது அவருடைய உரிமை. குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் அதே அளவுகோல் வேண்டும் என்பதே நமது கோரிக்கை. ஆணையருக்காக ஒரு முதலமைச்சர் தெருவில் உட்கார்ந்தார். காவல் நிலையத்தில் அடைபட்ட பெயர் தெரியாத சாரதா முகவருக்காக யார் உட்கார்ந்தார்கள்?

ஆதாரம் காணாமல் போனது உண்மையானால் அது அரசுத் தரப்புக்கு மட்டும் நட்டம் இல்லை. சென்னிடமிருந்து எடுத்த டைரி எங்கே, பென் டிரைவ் எங்கே என்று சிபிஐ கேட்டது. அந்த டைரியில் ஒருவரைச் சிக்கவைக்கும் பக்கம் இருந்திருக்கலாம். இன்னொருவரை விடுவிக்கும் பக்கமும் இருந்திருக்கலாம். தொலைத்திருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் தொலைத்திருக்கிறார்கள். அதற்கும் இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

மோசடிக்காரர்களுக்கு வக்காலத்தா என்று கேட்பவர்கள் உண்டு. பணத்தை இழந்தவர்களிடம் போய் அவர்கள் கேட்கட்டும். மாநில போலீஸ் கணக்கில் சுமார் 17 லட்சம் முதலீட்டாளர்கள், சுமார் 2,460 கோடி ரூபாய். மீன்காரர், பீடி சுற்றுபவர், தேநீர்க் கடைக்காரர், வீட்டு வேலை செய்பவர். தினமும் ஐம்பது, நூறு என்று சொந்த ஊர் முகவரிடம் கொடுத்தவர்கள். ராமகிருஷ்ணரின் துணைவியார் அன்னை சாரதாவின் பெயரைத் தாங்கிய நிறுவனம் என்று நம்பிக் கொடுத்தவர்கள். நிறுவனம் சரிந்ததும் தற்கொலைகள் நடந்தன. அந்த முகவர்களும் பணம் போட்டவர்களே. அடுத்த வீட்டாரின் முகத்தில் விழிக்க முடியாமல் ஊரைவிட்டுப் போனார்கள்.

மாநில அரசு 500 கோடி நிதி அறிவித்தது. புகையிலைக்குக் கூடுதல் வரி போட்டது. ஷியாமல் சென் ஆணையத்தை அமைத்தது. 2014 அக்டோபரில் அந்த ஆணையம் முடிந்துபோனது. சாரதாவின் சொத்துகளை செபி ஏலத்துக்கு அறிவித்தது 2023-இல். பத்தாண்டு மழையில் நனைந்த கட்டடங்களும் ஆக்கிரமிக்கப்பட்ட மனைகளும் என்ன விலைக்குப் போகும்? சுதீப்தா சென் சிறையில் கிடந்ததால் மீன்காரரின் பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. விசாரணை நடந்திருந்தால் பணம் போன வழி நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கும். பெற்றவர்களின் பெயர் பதிவாகியிருக்கும். விசாரணை நடக்காததால் தப்பித்தவர்கள் அந்தப் பெற்றவர்கள். கைதிக்கு மறுக்கப்பட்ட விசாரணை முதலீட்டாளருக்கும் மறுக்கப்பட்ட விசாரணையே.

முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனை மருத்துவர் கொலை நடந்தது 2024 ஆகஸ்ட் 9. அதே சிபிஐ, அதே சிஜிஓ வளாகத்தில் வைத்து விசாரித்தது. நவம்பரில் சியால்தா நீதிமன்றத்தில் அன்றாட விசாரணை தொடங்கியது. 50 சாட்சிகள். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் வாதாடினார். 2025 ஜனவரி 18 அன்று தீர்ப்பு வந்துவிட்டது. நாடே தெருவில் இறங்கினால் ஐந்து மாதத்தில் முடிகிறது. தெரு காலியானால் பத்தாண்டிலும் முடிவதில்லை.

அதே வழக்கில் சிபிஐயின் இன்னொரு முகமும் தெரிந்தது. ஆதாரங்களை அழித்ததாகக் கைதான முன்னாள் கல்லூரி முதல்வர் சந்தீப் கோஷ் மீதும் காவல் நிலைய அதிகாரி மீதும் 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை. 2024 டிசம்பர் 13 அன்று இருவருக்கும் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. நீதிமன்றம் சட்டப்படி செய்தது. கைது செய்வதற்குக் காட்டிய வேகத்தில் ஒரு பங்கை எழுதுவதற்குக் காட்டாத அதிகாரி யார்? அவர் மீது என்ன நடவடிக்கை? சிபிஐ இயக்குநர் நாட்டுக்குச் சொல்ல வேண்டும்.

இது வங்காளத்துச் சங்கதி என்று தமிழ்நாடு ஒதுங்க முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு, பின்னர் இறந்தார்கள். அதையும் சிபிஐ விசாரித்தது. ஆறு மாதத்தில் முடியுங்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கெடு வைத்தது. கெடு மேல் கெடு நீண்டது. ஐந்தாண்டு நிறைந்த 2025 ஜூனிலும் தீர்ப்பு இல்லை. அந்தக் குடும்பத்தின் தாயும் மகள்களும் காத்திருந்தார்கள். கூண்டில் நின்ற காவலர்களும் விசாரணைக் கைதிகளாகவே இருந்தார்கள். அவர்களுக்கும் விரைவான விசாரணை உரிமை உண்டு. அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட செயல் நமக்கு எவ்வளவு அருவருப்பைத் தந்தாலும் உண்டு. பிடிக்காதவருக்கு மறுக்கலாம் என்றால் அது உரிமையே இல்லை.

தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி பதினைந்து மாதம் சிறையில் இருந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குற்றம் சாட்டப்பட்ட வழக்கு எப்போது முடியும் என்று கேட்டுத்தான் 2024 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அமைச்சராக இருந்தவருக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வழி இருந்தது. புழலிலும் பிரசிடென்சியிலும் கிடக்கும் மற்றவர்களுக்கு வாய்தாத் தேதிதான் வழி. ஆருத்ரா முதலீட்டு மோசடி வழக்கில் சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய். சாரதாவின் பாதையில் அதுவும் போகப் போகிறதா? தமிழ்நாட்டின் பொருளாதாரக் குற்றப் பிரிவு இப்போதே சொல்ல வேண்டும்.

சிபிஐ செய்ய வேண்டியது தெளிவு. துணைக் குற்றப்பத்திரிகை விளையாட்டை நிறுத்த வேண்டும். சாரதா வழக்கின் இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். பெரிய சதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கண்டுபிடித்திருந்தால் பெயர்களை எழுத வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும்.

மாநில அரசும் தப்ப முடியாது. இந்த வழக்குகளுக்கென்று அன்றாடம் அமரும் நீதிமன்றமும் அரசு வழக்கறிஞர்களும் வேண்டும் என்று உயர் நீதிமன்றத்திடம் அது முறையிட்டிருக்க வேண்டும். 2018-இல் சிபிஐக்கான பொது ஒப்புதலைத் திரும்பப் பெறக் காட்டிய வேகத்தை இதில் காட்டவில்லை. டெல்லியோடு சண்டை போடுவதற்கு சாரதா அதற்குப் பயன்பட்டது. தீர்ப்பு வருவது அதன் அவசரமாக என்றுமே இருந்ததில்லை.

ஒன்றிய அரசு 479-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை நீக்க வேண்டும். ஒரே செயலில் முளைத்த பல வழக்குகளை ஒரு வழக்காகக் கருத வேண்டும். முதலீட்டு மோசடி வழக்குகளை ஒன்றிணைக்க உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின் அதிகாரத்தைப் பயன்படுத்திய முன்னுதாரணம் இருக்கிறது. ஒவ்வொரு கைதியும் டெல்லிக்குப் போய் அந்த வரத்தைக் கேட்டு நிற்கும் நிலை கூடாது. சட்டமே அதைத் தர வேண்டும்.

கல்கத்தா உயர் நீதிமன்றத்தையும் கேட்கிறோம். பத்தாண்டாக நகராத வழக்கு என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை சாட்சி முடிந்தது, எத்தனை முறை அரசுத் தரப்பு வாய்தா கேட்டது, எத்தனை முறை விசாரணை அதிகாரி வரவில்லை என்று மாதந்தோறும் வெளியிடுங்கள். அரசுத் தரப்பின் மூன்றாவது வாய்தாவுக்கு அதிகாரியின் சம்பளத்தில் அபராதம் பிடியுங்கள்.

சுதீப்தா சென் குற்றவாளி என்றால் நிரூபியுங்கள், தண்டியுங்கள். நிரூபிக்க முடியாதென்றால் விடுங்கள். நிரூபிக்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம் என்று சொல்லும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் சிபிஐக்கு வழங்கவில்லை. மூல வழக்கின் கடைசி சாட்சி எந்தத் தேதியில் கூண்டேறுவார் என்பதை சிஜிஓ வளாகம் நீதிமன்றத்தில் எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதி தவறினால் பொறுப்பேற்கும் அதிகாரியின் பெயரும் அதே தாளில் இருக்க வேண்டும்.